மகனும் ஒரு மூட்டைப் பந்தும்

அக்டோபர் 4

அன்புள்ள மனைவிக்கு,

நேற்று மாலை கூடிய நமது கால்பந்து அணியின் நிர்வாகக் குழு, நீண்ட ஆலோசனைக்கும் இரண்டு சுற்றுத் தேநீருக்கும் பிறகு, ஆட்டக்காரர்களின் காலுறையின் மேல் விளிம்பில் இதுநாள்வரை இருந்துவந்த ஒற்றை நீலக் கோட்டை இனி இரட்டைக் கோடாக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அணியின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்று பொருளாளர் பேசினார். செயலாளருக்கு நா தழுதழுத்தது. கூட்டத்தின் நிறைவில் உரிமையாளர் எழுந்து நின்றார். காரணம் கேட்காமல் அனைவரும் எழுந்து நின்றனர்.

நாற்காலித் தொழிற்சாலையில் உற்பத்தி சீராக உள்ளது. சென்ற சனிக்கிழமை அணி தோற்றபோது ரசிகர்கள் உடைத்த நாற்காலிகளுக்குப் பதில் நாற்காலிகள் அனுப்பப்பட்டுவிட்டன. புதிய கோல்கீப்பர் நமது இல்லத்தில் தங்கவைக்கப்பட்டுள்ளார்.

நீ தொலைபேசியை எடுக்காத காரணத்தால் இக்கடிதம் அனுப்பப்படுகிறது. திரும்பி வரும் தேதியை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உரிமையாளர்
(சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர்: மேலாளர்)

நான் எழுந்தது மின்விசிறியை நிறுத்த. சாப்பிட்டாயா?


அக்டோபர் 11

உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடியில் உங்கள் கையால் எழுதியிருந்த வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். சாப்பிட்டேன்.

நான் தொலைபேசியை எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் நீங்கள் மைதானத்தின் எதிர்க்கோடியில் நிற்பவனிடம் பேசுவதுபோல் கத்துகிறீர்கள். பதில் சொல்ல வாயெடுத்தால் ‘இரு, மேலாளர் பேசுவார்’ என்று கொடுத்துவிடுகிறீர்கள். மேலாளர் தங்கமான மனிதர். ஆனால் நான் குடும்பம் நடத்தியது அவரோடு இல்லை. எனக்கு ஏதாவது சொல்வதென்றால் உங்கள் கையால் எழுதுங்கள். காலுறை வேண்டாம். வீட்டைப் பற்றி எழுதுங்கள்.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பது உங்கள் நிர்வாகக் குழுவுக்கு ஒருவேளை தெரியாமல் இருக்கலாம், எனவே பதிவுக்காகச் சொல்கிறேன். அன்று காலை சாப்பாட்டு மேஜையில் நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளைப் பார்த்து வாசித்தீர்கள். ‘நமது அணியின் இடது ஓர ஆட்டக்காரர் ஒருவரையும், பயிற்சிப் பந்துகள் ஒரு மூட்டையும் கொடுத்து, பதிலுக்குக் கோல்கீப்பர் ஒருவரைப் பெற்றுக்கொள்வது.’ அந்த இடது ஓர ஆட்டக்காரர் அப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் நம் ஒரே மகன். ஊரில் எத்தனையோ முதலாளிகள் எத்தனையோ விற்றிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையைக் கைமாற்றிவிட்டு, கூடவே ஒரு மூட்டையும் சேர்த்துக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அவன் வெண்ணெய்க் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டினான்.

“நான் தனியா போயிக்கறேம்மா” என்றான்.

“ஒரு மூட்டைப் பந்தே உன்கூட வருது. நான் வரக்கூடாதா?” என்றேன். சிரித்தான். இந்த ஊருக்கு வந்து சேரும்வரை அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள் கொடுத்திருக்கிறார்கள். கீழே யாராவது காற்றடித்தால் எங்கள் தரை மூச்சு விடுகிறது. இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. அங்கே வெண்டைக்காய் வாங்கப் போனால், நடுவர் கொடுக்காத பெனால்டிக்கு நான் விளக்கம் சொன்னால்தான் தராசில் போடுவார்கள். இங்கே காய்கறிக்காரர் என்னிடம் காய்கறியைப் பற்றி மட்டும் பேசுகிறார். இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்ததை மறந்தே போயிருந்தேன்.

உங்கள் மகன் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மாற்று ஆட்டக்காரர்களோடு வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள்.


அக்டோபர் 19

அன்புள்ள மனைவிக்கு,

இதை நானே எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் கை வேறு, எழுதும் கை வேறு என்பது இன்றுதான் தெரிந்தது. அடித்தல் திருத்தல்களைப் பொறுத்துக்கொள்.

வீட்டைப் பற்றி எழுதச் சொன்னாய். வீடு இருக்கிறது.

(இந்த வரியை எழுதிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.)

ஆட்டக்காரர் விடுதியில் கூரை ஒழுகுவதால் கோல்கீப்பரை நம் பையன் அறையில் தங்கவைத்தேன். பெரிய உருவம். வலையை அடைத்துக்கொண்டு நிற்பான் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் அவனுக்குக் ‘கதவு’ என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கினான். இப்போது ‘கதவு தொறந்திருக்கு, வாங்க வாங்க’ என்று கேலரியில் தாளத்தோடு பாடுகிறார்கள். படுத்தால் அவன் கால் முழங்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் கம்பெனி நாற்காலி ஒன்றைக் கால்மாட்டில் போட்டுக் கொடுத்தேன்.

அவன் சாப்பிடுவதில்லை. எதிரில் உட்கார்ந்து “சாப்பிடுப்பா” என்றால் எழுந்து நின்று “சரிங்க சார்” என்கிறான். உட்கார்ந்தபின் தட்டைப் பார்க்கிறான். தட்டும் அவனைப் பார்க்கிறது. நம் பையன் இந்த வயதில் எப்படிச் சாப்பிட்டான் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் செய்தித்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

முடிவெட்டப் போனேன். பாதித் தலையில் கத்தரியை நிறுத்திவிட்டு முடிவெட்டுபவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “பெத்த புள்ளையவே தள்ளிவிட்டவரு, எங்களை எல்லாம் விட்டுவைப்பீங்களா மொதலாளி?” பிறகு மீதிப் பாதியையும் வெட்டினார். காசு வாங்கவில்லை. அணியை வாங்கிய நாளிலிருந்து யாரும் என்னிடம் காசு வாங்குவதில்லை, கருத்து மட்டும் சொல்கிறார்கள்.

அங்கே குளிர் அதிகமா? பனியில் வெளியே உட்கார்ந்திருந்தால் ஒருவனுக்கு நெஞ்சில் சளி கட்டும் அளவுக்கு இருக்குமா? பொதுவாகக் கேட்கிறேன்.


நவம்பர் 2

உரிமையாளருக்கு,

பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவான பதில்: ஒருவனுக்குச் சளி இல்லை. கம்பளி பனியனை ஒருத்தி கட்டாயப்படுத்திப் போட்டு அனுப்புகிறாள்.

சென்ற வாரம் எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் உங்கள் கதவின் அம்மா. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்வதற்குள் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

“என் புள்ளைக்குப் பதிலா எது வந்திருக்குன்னு பாக்க வந்தேன்.”

“உள்ளதான் இருக்கு. பாருங்க.”

பையன் எழுந்து நின்றான். மேலும் கீழும் பார்த்தார். துணி எடுக்கும் பார்வை.

“என்னம்மா இது, என் புள்ளையில பாதிகூட இல்லையே!”

“அதான் ஒரு மூட்டைப் பந்து சேத்துக் குடுத்தாங்க அத்தை” என்றான் பையன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அவன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்து, “தையல் விட்டிருக்கு, கழட்டிக் குடு” என்றார். அதிலிருந்து தினமும் வருகிறார்.

உங்களுக்கு அவர் சொல்லி அனுப்பியது: அவர் மகன் புது மனிதர்கள் பார்க்கச் சாப்பிட மாட்டான். சின்ன வயதில் பெருந்தீனி என்று உறவுக்காரர்கள் கேலி செய்ததில் வந்த கூச்சம். ‘சாப்பிடு’ என்று சொல்லக் கூடாது. நீங்களும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், சம்பந்தமில்லாத எதையாவது பேச வேண்டும். அப்புறம் அவன் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டான்; மின்சாரக் கட்டணம் பார்த்துத் திட்டிவிடாதீர்களாம்.

“உங்க வீட்டுக்காரர் எப்படிங்க டீமை வாங்கினாரு?” என்று கேட்டார். சொன்னேன். மைதானத்துக்கு நாற்காலி செய்து கொடுத்தவர், நாற்காலி எப்படி உழைக்கிறது என்று பார்க்க ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போவார். மூன்று வருடம் நாற்காலியை மட்டுமே பார்த்தார். ஒரு நாள் தலையை நிமிர்த்தினார், எதிரில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதோடு போயிற்று என்றேன். அணி தோற்றால் நாற்காலி உடையும், நாற்காலி உடைந்தால் அவருக்கு விற்பனை, அதனால் வேண்டுமென்றே தோற்கவைக்கிறார் என்று ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள் என்பதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு உங்களைப் பற்றிச் சிரித்துவிட்டோமே என்று இருந்தது.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். நேற்று அவன் ஜன்னலருகே நின்றுகொண்டு கேட்டான்: “அம்மா, நான் மட்டும் போதாதுன்னுதானே அப்பா பந்தும் சேத்துக் குடுத்தாரு?” கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் அனுப்பினீர்கள்?


நவம்பர் 20

அன்புள்ளவளுக்கு,

கதவு சாப்பிடுகிறான். தட்டைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியின் கால் ஏன் சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு விளக்கினேன். நேராக வைத்தால் உட்காருகிறவர் பின்னால் சாயும்போது பிளந்துவிடும். இதை நான் யாரிடமும் இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தால் தட்டு காலி. அடுத்த நாள் அவனே வந்து, “சார், கைப்பிடி வெச்ச நாற்காலிக்கும் அதே கணக்கா?” என்று கேட்டான். பசித்திருக்கிறது.

நேற்று அவனாகவே பேசினான்.

“சார், உங்க பையனை எதுக்கு சார் விட்டீங்க?”

“உன்னை வாங்கத்தான்.”

“என்னை வாங்கினீங்க, நான் கோலா வாங்கறேன். நல்ல வியாபாரம் சார்.”

கெட்டிக்காரன். அவன் அம்மாவிடம் சொல், விளக்கு எரியட்டும்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். இப்போது ஒரு நல்ல செய்தி. அந்த ஊருக்குப் போய்வந்த நம் விற்பனையாளர் ஒருவர், அங்கே மாற்று ஆட்டக்காரர்கள் உட்காருவது வெறும் பலகை என்றும், சாய்மானம் இல்லை, மேலே மறைப்பும் இல்லை, ஓரத்தில் ஓர் ஆணி வேறு துருத்திக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். நாற்காலி செய்கிறவனின் மகன் ஆணியில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. மெத்தை வைத்த, முதுகைத் தாங்கும்படியான நாற்காலிகளை மேற்கூரையோடு செய்து அந்த அணிக்கு நன்கொடையாக அனுப்பியிருக்கிறேன். கைப்பிடி வளைவை நானே நின்று பார்த்தேன். பயப்படாதே, பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. ‘ஒரு விளையாட்டு ஆர்வலர்’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிட்டது.


டிசம்பர் 6

உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் காதும் காதும் வைத்த நாற்காலிகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்த லாரியின் இரண்டு பக்கமும் உங்கள் கம்பெனியின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. ஆட்டம் தொடங்க இருந்த நேரத்தில், நிறைந்த மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “இங்க எங்க மொதலாளி மகன் உக்கார்ற எடம் எதுங்க?”

அவரைத் திட்டாதீர்கள். அவருக்கு எப்படி இறக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள், எப்படி வாயை மூட வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மற்ற பையன்கள் எல்லாம் மெத்தையில் உட்கார்ந்தார்கள். நம் பையன் உட்காரவில்லை. ஓரமாக நின்றான். நானும் கதவின் அம்மாவும் நேர் பின்னால்தான் இருந்தோம், எல்லாம் காதில் விழுந்தது.

“உக்காருடா” என்றார் பயிற்சியாளர்.

“பரவாயில்ல சார், நிக்கறேன்.”

“டேய், பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குதுடா.”

“அப்ப உள்ள அனுப்புங்க சார்.”

அந்த மனிதர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே அனுப்பிவிட்டார். இரண்டு மாதமாகக் காத்திருந்த முதல் ஆட்டம், உட்கார மறுத்ததால் கிடைத்தது.

பந்து அவன் காலுக்கு வந்ததும் எதிர்ப்பக்கக் கேலரியில் இந்த ஊர் ரசிகர்களிடமிருந்தே அந்தப் பாட்டுத் தொடங்கியது. “மொதலாளி மகனே, மொதலாளி மகனே, பந்தை வெச்சிட்டு ஃபேக்டரிக்குப் போ.” நம் ஊரில் இரண்டு வருடம் கேட்ட அதே பாட்டு. ராகம்கூட மாறவில்லை. கதவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நான் மடியில் இருக்கும் பையைத் திறந்து எதையோ தேடுவேன், நினைவிருக்கிறதா? நீங்கள் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குக் கேட்கவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கேட்டிருக்கிறது. இல்லையா? நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, ஆனால் அன்று அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் இல்லாத ஊருக்கு அவனை அனுப்பினீர்கள். பிறகு அந்தச் சத்தத்தையே லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள்.

மறுநாள் காலை அவனே நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் வரிசையில் போட்டுவிட்டு, பழைய பலகையைக் கொண்டுவந்து வைத்தான். ஆணியைச் சுத்தியால் அடித்து இறக்கினான். நானும் கதவின் அம்மாவும் இப்போது உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறோம். சொகுசாகத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம்.

நான் நினைத்தது சரியென்றால் எழுதுங்கள். அவனிடம் சொல்லிவிடுகிறேன்.


டிசம்பர் 15

அன்புள்ளவளுக்கு,

சொல்லாதே.

நீ நினைத்தது சரி. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அப்பா செல்வாக்கால்தான் இங்கே ஆடினேன் என்பது போய், அப்பா தயவால்தான் அங்கே போனேன் என்று ஆகும். அவன் அடிக்கிற கோலில் பாதி என் கணக்கில் வந்துவிடும். எனக்கு அது வேண்டாம். என்மேல் கோபமாகவே இருக்கட்டும். கோபத்தில் நன்றாக ஓடுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. நம் மைதானத்தில் அவன் ஆடிய கடைசி ஆட்டத்தில், பாட்டு உச்சத்தில் இருந்தபோது, பந்தைத் தவறவிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். ‘மன்னிச்சுக்கங்கப்பா’ என்பதுபோல் பார்த்தான். என்னால் அவனுக்குக் கெட்ட பெயர் வருகிறது, அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். பயிற்சியாளர் அவனை ஆடவிட்டால் நான் சொல்லி ஆடவிட்டார் என்றார்கள். நிறுத்தினால் நான் நாடகம் ஆடுகிறேன் என்றார்கள். நான் எதையும் சொன்னதில்லை. இந்த ஊரில் நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே பத்துப் பேர் எழுந்து நிற்கிறார்கள். அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனை வெளியே அனுப்ப மட்டும்தான் தெரிந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்குப் பொய் வராது. அதனால் தாளைப் பார்த்து வாசித்தேன். நிமிர்ந்து வாசிக்க முடியவில்லை.

மூட்டை விஷயம். அந்த அணியின் உரிமையாளர், “உங்க பையன் எப்படி ஆடுவான்?” என்று என்னைக் கேட்டார். நல்ல ஆட்டக்காரன் என்று மற்ற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். தகப்பன் சொன்னால் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைப்பார், அல்லது சிபாரிசு என்று நினைப்பார். அதனால், “சுமாரா ஆடுவான்” என்றேன். “அப்ப கூட ஏதாவது குடுங்க” என்றார். அவ்வளவுதான் நடந்தது. அந்த மூட்டையை நானே கட்டினேன். பந்துகள் வைத்திருக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, தையல் பிரியாத பந்தாகப் பொறுக்கிப் போட்டேன். மேலாளர் வந்து, “நான் கட்டறேன் சார்” என்றார். விடவில்லை.

நாற்காலி அனுப்பியது தப்பு. இனி எதையும் அனுப்ப மாட்டேன்.

நீ எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. வாசல் பக்க விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.


மார்ச் 28

என்னங்க,

சொல்லவில்லை. மூன்று மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஜனவரியிலிருந்து முதல் பதினொரு பேரில் அவன் இருக்கிறான். பாட்டு கொஞ்ச நாள் தொடர்ந்தது. ஒரே கேலியை எத்தனை வாரம்தான் பாடுவார்கள், அதுவும் அவன் தங்கள் அணிக்கே கோல் அடித்துக்கொண்டிருக்கும்போது? தானாக நின்றுவிட்டது. எந்த வாரம் நின்றது என்று கவனிக்கக்கூட இல்லை. ஒரு நாள் திடீரென்று என் பை மூடியே இருப்பதைப் பார்த்தேன்.

கடைசி ஆட்டம் உங்கள் மைதானத்தில். நீங்கள் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும், சமமாக முடிந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கதவின் அம்மா சொன்னார். பாவம், அவர் நிலைமையைப் பாருங்கள். ஐந்து மாதமாக நம் பையனுக்கு ஊட்டி வளர்த்துவிட்டு, இப்போது அவன் அடிக்கிற பந்தை அவர் பெற்ற மகன் பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். “ரெண்டு பேருக்கும் அடிபடாம இருந்தா சரி” என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் வருகிறோம். விருந்தினர் பக்கம் உட்காருவோம். உங்கள் பக்கம் வந்தால் நான் யாருக்குக் கைதட்டுவது என்று குழப்பமாகிவிடும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று எதுவும் செய்யாதீர்கள். இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பேசாதீர்கள். அவனுக்குச் சாதகமாகவும் வேண்டாம், நியாயமாக நடக்கிறேன் என்று காட்டப் பாதகமாகவும் வேண்டாம். ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவன் காலில் இருக்கட்டும்.

நேற்று பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டே கேட்டான்.

“அப்பா வருவாராம்மா?”

“அவர் கிரவுண்டுடா. வராம எங்க போவார்?”

“இல்ல, எந்தப் பக்கம் உக்காருவாரு?”

“எப்பவும் உக்கார்ற எடத்துலதான்.”

“சரி” என்றான். அடுத்த பூட்ஸை எடுத்துக்கொண்டே, “அங்கேர்ந்து எடது ஓரம் நல்லாத் தெரியும்” என்றான்.


ஏப்ரல் 9

அன்புள்ளவளுக்கு,

ஆட்டத்தை நீயும் பார்த்தாய். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாய். என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி எதுவும் செய்யவில்லை. இடைவேளையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இடத்தை விட்டு அசையவில்லை. நான் கீழே இறங்கிப் போகாததே ஏதோ பெரிய தந்திரம் என்று பொருளாளர் செயலாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்திருந்தால், நாற்காலி செய்கிற காலத்தில் உட்காருகிறவர்கள்மேல் இன்னும் மரியாதை வைத்திருப்பேன்.

கதவு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தாய் அல்லவா? நம் பையன் அடித்த முதல் பந்தைப் பறந்து தட்டினான். இரண்டாவதை நெஞ்சில் வாங்கினான். இந்த வருடம் முழுவதும் எங்கே வைத்திருந்தான் இந்த ஆட்டத்தை என்று கேலரியே திகைத்தது. மூன்றாவது பந்தைக் கதவு வேண்டுமென்றே உள்ளே விட்டான் என்று பிறகு குழுவில் ஒருவர் சொன்னார். கதவு பேசாமல் கையைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பந்தைத் தொட்டதில் இரண்டு விரல் வீங்கிப்போயிருந்தது. தொட்டும் உள்ளே போனது. அப்படி அடித்தான்.

நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். எழுந்தது எனக்குத் தெரியாது. சுற்றிப் பார்த்தபோது எங்கள் பக்கம் முழுவதும் உட்கார்ந்திருந்தது, நான் ஒருவன் நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுந்தபோது யாரும் கூட எழவில்லை. படம் பேப்பரில் வந்திருக்கிறது. நிர்வாகக் குழு விளக்கம் கேட்டது. கால் மரத்துப்போனதால் எழுந்தேன் என்றேன். “கைதட்டினீங்களே?” என்றார் பொருளாளர். கையும் மரத்துப்போயிருந்தது என்றேன். பதிவு செய்துகொண்டார்கள்.

பிறகு வீட்டில் நாம் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீயும் இருந்தாய். நீயும் அந்த அம்மாளும் கதவின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பையன் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒன்றும் இல்லை.

“அந்தப் பந்தெல்லாம் இன்னும் ஒன்னுகூடப் பிரியலப்பா” என்றான்.

“பாத்துத்தான் எடுத்தேன்.”

“தெரியும்.”

உள்ளே போய்விட்டான். நீ சொல்லவில்லை என்று நம்புகிறேன். நீ சொல்லாமல் எப்படித் தெரிந்தது என்பதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அணி அவனுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தான். ஆம், எனக்கே எழுதினான், நான்கு வரி. அம்மாவைத் திருப்பி அனுப்புகிறேன், தையல்கார அத்தை பார்த்துக்கொள்வார், சமைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று இருந்தது. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நானே வருகிறேன். மேலாளரை அனுப்பவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். அவன் கோல் அடித்ததும் என் பின்வரிசையில் இருந்த ஒருவர், வெகுநாளாக வருகிற ரசிகர், அழாத குறையாகத் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: “இப்படி ஆடறவனை எந்த முட்டாள்டா வெளிய விட்டான்?” சுற்றி இருந்தவர்கள் அவரை அமுக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. என் தோளைத் தட்டி, “நீங்களே சொல்லுங்க மொதலாளி” என்றார். நான் திரும்பி, “சரியாச் சொன்னீங்க” என்றேன்.

அடுத்த ஆண்டு நம் அணி இரண்டாம் பிரிவில் ஆடும்.